கார் வாங்கியாச்சு... பராமரிப்புக் கணக்கு போட்டாச்சா?

உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சித்திரை மாதத்து மத்தியான வெயில். ஏ.சி.யிலிருந்து வந்துகொண்டிருந்த குளிர்காற்று திடீரென்று அனலாக மாறியது. மீட்டரைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் அசையாமல் நிற்கும் டெம்பரேச்சர் முள், சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். இரண்டு பக்கமும் வெட்டவெளி. ‘டோல்கேட் வரைக்கும் போய்விட்டால் நிழலில் நிறுத்தலாம்’ என்று நினைத்து ஓட்டினேன். அப்படி ஓட்டியிருக்கக் கூடாது.

பானெட்டைத் திறந்தபோது ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. கூலன்ட் மொத்தமும் வழியிலேயே கொட்டித் தீர்ந்திருந்தது. குளிர்விக்க எதுவும் இல்லாமல் ஓடியதில், அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. வண்டியை ஏற்றிக்கொண்டு போய், ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி மட்டம் பிடித்து, மறுபடி பூட்டி முடித்தபோது பில் 34,600 ரூபாய்.

பிளந்துபோன அந்த ஹோஸின் விலை 480 ரூபாய்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் எங்கள் மெக்கானிக் அண்ணன் அதே ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். “தம்பி, ரப்பர் வெறச்சுப்போச்சு. கிளாம்ப் பக்கத்துல வெடிப்பு தெரியுது பாருங்க. மாத்திடலாமா?” என்று கேட்டார். “அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ‘அடுத்த சர்வீஸ்’தான் நம் ஊரில் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிறது. கார் வாங்கும்போது ஷோரூமில் எல்லாக் கணக்கும் போடுகிறோம். ஆன்ரோடு விலை, முன்பணம், இ.எம்.ஐ., மைலேஜ், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். அடுத்த பத்து வருடம் அந்த வண்டியை வைத்துக் காப்பாற்ற எவ்வளவு ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

பத்து வருடக் கணக்கு

சுமார் 8 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு சாதாரண பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் வீதம், பத்து வருடத்தில் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி தொகை மாறும். ஆனாலும் ஒரு மாதிரிக்கு இப்படிப் போட்டுப் பார்க்கலாம்.

டயர் பொதுவாக 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை வரும். ஆக, பத்து வருடத்தில் இரண்டு முறை நான்கு டயரும் மாற்ற வேண்டும். ஒன்று 5,000 என்றால் 40,000 ரூபாய். பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம். இரண்டு முறை மாற்ற 11,000. ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் சேர்ந்த வருடாந்திர சர்வீஸுக்குச் சராசரியாக 7,000 வைத்தால் 70,000. கிளட்ச் ஒருமுறை 14,000. பிரேக் பேட், டிஸ்க் வகையில் 15,000. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் மழைக்காலப் பள்ளத்துக்கும் சஸ்பென்ஷன் கேட்கும் பங்கு 25,000. ஏ.சி. வேலைக்கு 15,000. டிங்கரிங், பெயின்டிங், பல்பு, வைப்பர் என்று சில்லறையாக 20,000.

கூட்டினால் 2,10,000 ரூபாய். வருடத்துக்கு 15,000 வீதம் இன்ஷூரன்ஸைச் சேர்த்தால் 3,60,000. அதாவது மாதம் 3,000 ரூபாய். இதில் ஒரு சொட்டு பெட்ரோல்கூட இன்னும் ஊற்றவில்லை. லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு மட்டும் தனியாக 6,25,000 ஆகும்.

பயமுறுத்துவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. மாதம் 3,000 என்பது திட்டமிட்டால் சமாளிக்கக்கூடிய தொகைதான். சிக்கல் என்னவென்றால், அது மாதாமாதம் 3,000 ஆக வந்து நிற்பதில்லை. பத்து மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்தில் மொத்தமாக 28,000 என்று வந்து வாசலில் நிற்கும். அப்போதுதான் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதும், நகையை அடகு வைப்பதும், ‘இப்போதைக்கு அவசியமானதை மட்டும் பண்ணுங்க’ என்று பாதி வேலையோடு வண்டியை எடுத்து வருவதும் நடக்கிறது.

இரண்டு சுமையும் சேரும் இடம்

வண்டியின் வயதையும் கடனின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். முதல் மூன்று வருடம் வாரன்டி இருக்கிறது, எல்லாப் பாகமும் புதிது. செலவு என்றால் ஆயில் சேஞ்ச்தான். ‘நம்ம வண்டிக்குச் செலவே இல்லை’ என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்வது இந்தக் காலத்தில்தான்.

நான்காவது வருடம் வாரன்டி முடிந்திருக்கும். ஏழு வருடக் கடன் போட்டவருக்கு இ.எம்.ஐ. இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. சரியாக அந்தச் சமயத்தில் பேட்டரி, டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். நான்காவது வருடத்திலிருந்து ஏழாவது வருடம் வரைதான் குடும்ப பட்ஜெட்டுக்கு இரட்டைச் சுமை. பலரும் வண்டியை விற்றுவிட்டுப் புதுக் காருக்குப் போவது இந்த இடத்தில்தான். நஷ்டமும் இங்கேதான் அதிகம். இன்ஷூரன்ஸ் கணக்குப்படியே ஐந்து வருடம் முடிகிற காரின் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்த மதிப்பிழப்பை முழுதாகத் தாங்கிக்கொண்டு விற்றுவிட்டு, புதுக் காரின் முதல் ஐந்து வருட மதிப்பிழப்பையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம்.

கடன் முடிந்த எட்டாவது வருடத்திலிருந்து வண்டி நமக்கு உழைக்கத் தொடங்குகிறது. நன்றாகப் பராமரித்த காரை எட்டிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து வருடம்வரை ஓட்டுகிறவர்தான் உண்மையில் லாபம் பார்ப்பவர். அந்தக் காலத்தை எட்டும் அளவுக்கு வண்டியை நல்லபடி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

சுண்டைக்காய் கால் பணம்

பட்டறைக் கணக்கைப் புரிந்துகொள்ள நம் பழமொழி ஒன்றே போதும்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு ஆயில் சீல் இருக்கிறது. அதன் விலை சில நூறு ரூபாய். அது கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்கி ஏற்ற வேண்டும். கூலி பல ஆயிரம்.

அதனால்தான் அனுபவம் உள்ள மெக்கானிக் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே, “ரிலீஸ் பேரிங்கையும் சீலையும் சேர்த்து மாத்திடலாம்” என்பார். கூடுதலாகப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று நாம் நினைக்கிறோம். ஆறு மாதம் கழித்து அதே பேரிங் சத்தம் போட்டால், அதே கூலியை இரண்டாவது முறை கொடுக்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினிலும் இதே கதைதான். பெல்ட்டோடு சேர்த்து டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது சிக்கனம். பெல்ட்டைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றாமல் விட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். பெல்ட்டில் மிச்சம் பிடித்த பணம் இன்ஜினில் பல மடங்காகப் போகும்.

இன்ஜின் ஆயில் விஷயமும் அப்படித்தான். ‘இந்த வருடம் 4,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?’ என்று பலரும் கேட்கிறார்கள். ஆயில் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை. காற்றும் ஈரமும் சேர்ந்து, நிற்கும் வண்டியிலும் கெடும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் காரில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை என்பதால் ஈரம் உள்ளேயே தங்கி, ஆயில் கசடாக மாறுகிறது. அதனால்தான் கம்பெனிகள் ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது’ என்று போடுகின்றன.

ஓடாத வண்டிக்கும் செலவு உண்டு. பேட்டரி இறங்கும். ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கும் காரில் எலி புகுந்து வயரைக் கடித்துவிட்டால், ஒரு கம்பிக்காக ஹார்னஸ் முழுவதையும் மாற்றச் சொல்லும் நிலைமை வரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அடிப்பாகத்தை மெல்ல மெல்ல அரிக்கும். பேட்டரிக்கும் டயருக்கும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுவதும், உப்புக்கு அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் உதவும்.

எஸ்டிமேட்டைப் படிக்கத் தெரியுமா?

சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டதும் சர்வீஸ் அட்வைசர் கையில் ஜாப் கார்டோடு வருவார். ஐந்து நிமிடத்தில் எஸ்டிமேட் நீட்டுவார். ஒருமுறை எனக்கு வந்த எஸ்டிமேட்டில் மொத்தம் 13,800 போட்டிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், லேபர் என்று சர்வீஸ் புத்தகம் கேட்கும் வேலைகள் 7,200-க்குள் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தவை இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. டிஸ்இன்ஃபெக்டன்ட், டெஃப்லான் கோட்டிங், இன்டீரியர் ட்ரீட்மென்ட்.

“இதெல்லாம் சர்வீஸ் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அட்வைசர் பேனாவை எடுத்து மூன்று வரிகளை அடித்தார். த்ராட்டில் பாடி வேலை, ஐடிலிங்கில் நடுக்கம் இருந்தால் தேவைப்படும் என்று விளக்கினார். அது நியாயமான பதில். இன்டீரியர் ட்ரீட்மென்டை நானே வேண்டாம் என்றேன்.

கார் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் பராமரிப்பு அட்டவணைதான் நம் கையில் உள்ள ஆயுதம். டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு தூங்கும் அந்தப் புத்தகத்தில், எத்தனை கிலோமீட்டரில் எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று தெளிவாக இருக்கும். அதில் உள்ளதைத் தவறவிடாதீர்கள். அதில் இல்லாததற்குக் காரணம் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பில்லில் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கம்பெனியா, மரத்தடிப் பட்டறையா?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் இன்ஜினில் கார்புரேட்டர்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் அதைச் சரிசெய்துவிட முடிந்தது. இன்றைய கார் அப்படி இல்லை. ஸ்கேனரைச் செருகாமல் நோய் என்னவென்றே தெரியாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். பொதுவாகிவிட்டது. ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடினால் அந்தக் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதானால் பெரிய செலவு. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் கார் வாங்கும்முன் இதை யோசித்தாக வேண்டும்.

வாரன்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ், அதன்பிறகு நம்பிக்கையான தனி மெக்கானிக் என்பதுதான் பல குடும்பங்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால், தனிப் பட்டறைக்குப் போக நமக்குள்ள உரிமையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் போட்டியை முடக்கியதாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கி, அதில் வாகனங்களையும் சேர்த்தது.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகங்கள் கிடைக்கும். கண்ணாடி, கதவு, சீட் மாதிரியானவற்றைப் பழையதில் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டயர், ஏர்பேக் என்று உயிர் சம்பந்தப்பட்ட எதிலும் டூப்ளிகேட்டையோ பழையதையோ தொடவே கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் என்று ஒரேமாதிரி ஆக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு பலவற்றுக்கு 28 சதவிகிதம் இருந்தது. பில்லில் இதையும் கவனியுங்கள்.

மழையும் இன்ஷூரன்ஸும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் பலவற்றில் தண்ணீர் செய்த சேதத்தைவிட, தண்ணீர் வடிந்ததும் அவசரமாக சாவியைத் திருப்பியது செய்த சேதம் பெரிது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே வர இடமின்றி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினே போய்விடும். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். அதற்குத்தான் ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் இதை எடுத்துவிடுவது நல்லது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதற்குப் பின்னால், பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இருந்தது.

இன்னொரு விஷயம். சாதாரண பாலிசியில் விபத்து கிளெய்ம் வந்தால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். மீதி நம் பையிலிருந்து போகும். இன்றைய காரின் பம்பர் முழுக்க பிளாஸ்டிக் என்பதை நினைவில் வையுங்கள். ‘பம்பர் டூ பம்பர்’ என்று சொல்லப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி, முதல் ஐந்து வருடம் இதனால்தான் கைகொடுக்கிறது. அதேசமயம் 4,000 ரூபாய் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவிகிதம்வரை நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கும். ஒரு சின்ன கிளெய்மில் அது பூஜ்யமாகிவிடும்.

பதினைந்து வயதுக்குப் பிறகு

15 வருடம் முடிந்த காரின் பதிவை ஆர்.டி.ஓ.வில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. 20 வருடத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. அதற்கெனத் தயாரிக்கப்படாத பழைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவிகிதம்வரை குறையலாம், சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸைப் பார்க்கச் சொல்வது அவசியம்.

வண்டியை எப்போது விடுவது? வருடாந்திர ரிப்பேர் செலவு, காரின் சந்தை விலையில் பாதியைத் தொடர்ந்து தொடும்போது யோசிக்கலாம். அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். அதற்குமுன், ‘பழசாகிவிட்டது’ என்ற ஒரே காரணத்துக்காக விற்பதில் லாபம் இல்லை.

உங்கள் வண்டிக்கு ஐந்து பழக்கங்கள்

* மாதம் இருமுறை, வண்டி சூடேறுமுன் காற்று அளவைப் பாருங்கள். குறைந்த காற்று டயரையும் பெட்ரோலையும் சேர்த்துத் தின்னும்.

* டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயர் ஆபத்துதான்.

* டெம்பரேச்சர் முள் ஏறினாலோ, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

* வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஏற்றிக்கொண்டு போங்கள்.

* ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம். விற்கும்போது அந்த நோட்டுக்கே தனி மதிப்பு உண்டு.

மாதம் ஒன்றாம் தேதி

உளுந்தூர்பேட்டைச் சம்பவத்துக்குப் பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன். தபால் ஆபீஸில் மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போட்டேன். பாஸ்புத்தகத்தின் மேலட்டையில் பென்சிலால் ‘வண்டி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம். அது முதிர்ந்த வருடம் இன்ஷூரன்ஸும் நான்கு டயரும் ஒரே மாதத்தில் வந்தன. யாரிடமும் கைநீட்டாமல் கட்டினேன்.

இரண்டாவது, ஒரு 200 பக்க நோட்டு. அதன் முதல் பக்கத்தில் இரண்டே வரிகள்: ‘ரேடியேட்டர் ஹோஸ் – 480. மாற்றாததால் – 34,600.’ சொந்தக்காரர்களோ நண்பர்களோ கார் வாங்கப் போகிறேன் என்று வந்தால், எந்த மாடல், எந்த கலர் என்று பேசுவதற்குமுன் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன். மாதம் மூவாயிரம் தனியாக எடுத்துவைக்க முடியுமா என்று கேட்கிறேன். முடியும் என்றால் தாராளமாக வாங்கட்டும். முடியாது என்றால் இன்னும் கொஞ்சம் சின்ன வண்டியாகப் பார்க்கட்டும், அல்லது இன்னும் ஒரு வருடம் பொறுக்கட்டும்.

போன வாரம் ஊருக்குக் கிளம்பும்முன் வழக்கம்போல் பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் ஆறியிருந்தது. அந்த ஹோஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மெக்கானிக் அண்ணன் காட்டிய மாதிரியே அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கி, விட்டதும் பழையபடி நிமிர்ந்தது. பானெட்டை மூடிவிட்டு, பின்சீட்டில் அம்மா ஏறக் கதவைத் திறந்தேன்.